மருத்துவர் மன்றம் புகுவது ஏன்?

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்துள்ள இந்நன்னாளில், கடந்து வந்த வழியைப் போற்றிப் பேசுவது மரபு. அப்பணியைச் செயலாளர் அவர்கள் தம் ஆண்டறிக்கையில் செவ்வனே செய்து முடித்துள்ளார். ஆகவே, நாம் இனிச் செல்ல வேண்டிய வழியைப் பற்றிய ஒரு வினாவை மட்டும் இங்கு எடுத்துக்கொள்ள விழைகின்றோம்.

நம் பிள்ளைகள் இன்று மருத்துவம் பயில்கின்றனர். நம் பாட்டன்மார் மருத்துவமனைத் திண்ணையில் கைகட்டி நின்ற காலத்தை எண்ணிப் பார்த்தால், இஃது எத்துணைப் பெரிய மாற்றம் என்பது விளங்கும். ஆயின், அம்மாணவருள் ஒருவர் பட்டம் பெற்று வந்து, "நான் ஊராட்சித் தேர்தலில் நிற்கப் போகின்றேன், பின்னர்ச் சட்டமன்றத்துக்கும் முயல்வேன்" என்று சொல்வாராயின், அவ்வீட்டில் என்ன நிகழும்? தாய் கண்ணீர் விடுவார். தந்தை, "கடன்பட்டுப் படிக்க வைத்தது இதற்காகவா?" என்று கேட்பார். உறவினர், "அரசியல் ஒரு சாக்கடை, படித்தவன் அதில் இறங்கலாமா?" என்பர்.

இவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. அது பட்டறிவிலிருந்து பிறந்த அச்சம். எனினும், நோயாளியின் நாடியைப் பிடித்த கை ஏன் வாக்குப் பெட்டியையும் நாட வேண்டும் என்பதை ஒருமுறையேனும் ஆராய்ந்து பார்த்தல் நம் கடமை. அவ்வாராய்ச்சிக்கு, மருத்துவ உலகம் இன்றும் வணங்கிப் போற்றும் ஒருவரின் வாழ்க்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். அவரே செருமானியப் பேரறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ.

பிறர் செலவில் படித்த பிள்ளை

விர்ச்சோ 1821 அக்டோபர் 13 அன்று பிரஷ்ய நாட்டின் பொமரேனியப் பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் சிறு நிலம் வைத்திருந்தவர். ஊர் நகராட்சியின் பொருளாளராகவும் இருந்தவர். செல்வக் குடும்பமன்று. பெர்லின் நகரில் படைத்துறைக்கு மருத்துவர்களை உருவாக்கும் ஓர் அரசுக் கல்வி நிலையம் இருந்தது. பொருள் வசதியற்ற, ஆனால் அறிவுக்கூர்மை மிக்க மாணவர்க்கு அது இலவசக் கல்வி அளித்தது. 1839-ல் விர்ச்சோ அதில் இடம் பெற்றார், 1843-ல் மருத்துவரானார்.

இச்செய்தியை நம் மாணவர்கள் நெஞ்சில் இருத்துக. உலகத்தின் தலைசிறந்த மருத்துவ அறிஞருள் ஒருவர் உதவித்தொகையில் படித்தவர். சலுகையில் படித்தவன் தரமற்றவன் என்று நம் பிள்ளைகளின் காதுபடப் பேசுவோர்க்கு இதனினும் மேலான மறுமொழி வேண்டுவதில்லை. உயிரணுக்களின் மாற்றத்திலேயே நோயின் தோற்றத்தைக் காண வேண்டும் என்னும் கொள்கையை 1858-ல் நூலாக வெளியிட்டு, மருத்துவத்தின் போக்கையே மாற்றியவர் அவர். நுண்ணோக்கிக்கு அடியில் உண்மையைத் தேடிய அம்மனிதரை அரசியலுக்கு இழுத்து வந்தது எது? அதற்கு விடை, அந்நூல் வெளிவருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், ஒரு பஞ்சப் பகுதியில் கிடைத்தது.

மூன்று வாரப் பயணம்

1847-48-ல் பிரஷ்யாவின் தென்கிழக்கு எல்லையிலிருந்த மேல் சைலீசியாவில் டைஃபஸ் என்னும் கொடிய காய்ச்சல் பரவிற்று. மக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டனர். செய்தி வெளியே பரவி அரசுக்கு இழிவு வந்தபின், நிலைமையை ஆய்ந்து வருமாறு அரசு 1848 பிப்ரவரியில் மருத்துவரை அனுப்பியது. அவருள் விர்ச்சோவும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 26. ஏறத்தாழ மூன்று வாரங்கள் அவர் அங்கு இருந்தார்.

அவர் கண்டது என்ன? அம்மக்கள் போலிஷ் மொழி பேசியோர்; அரசு அலுவலரும் ஆசிரியரும் பேசியதோ செருமன் மொழி. நிலமெல்லாம் ஒரு சில பெருங்குடியினர் கையில் இருந்தது. உழைப்பவர்க்கு உருளைக்கிழங்கே உணவு. அதுவும் விளையாமற் போன ஆண்டு அது. ஈரம் கசியும் குடிசையில் மனிதரும் கால்நடையும் நெருங்கிக் கிடந்தனர். பள்ளியுமில்லை, சாலையுமில்லை, முறையிட ஓரிடமுமில்லை. "அவர்கள் சோம்பேறிகள், அழுக்கர்கள், குடியர்கள், அதனால் சாகின்றனர்" என்று மேல்நிலையில் இருந்தோர் பேசினர். நண்பர்களே, இச்சொற்கள் நம் செவிக்குப் புதியனவா? நம் சேரிகளைப் பற்றிச் சொல்லப்பட்ட சொற்களே அல்லவா இவை?

திரும்பி வந்து விர்ச்சோ எழுதிய அறிக்கைதான் வரலாற்றுச் சிறப்புடையது. எத்தனை குப்பி மருந்து வேண்டும், எத்தனை படுக்கை வேண்டும் என்று கூறுவார் என எதிர்பார்த்த அரசுக்கு, அவர் வேறொரு மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்தார். அம்மக்களுக்குக் கல்வி வேண்டும். அவர்தம் தாய்மொழிக்கு அரசில் இடம் வேண்டும். தம்மைத் தாமே ஆளும் உரிமை வேண்டும். வரிச்சுமை ஏழையின் தோளிலிருந்து இறங்கிச் செல்வரின் தோளுக்கு ஏற வேண்டும். சாலையும் வேளாண்மைச் சீர்திருத்தமும் வேண்டும் என்பனவே அவர் எழுதிய மருந்துகள். முழுமையான, தடையற்ற மக்களாட்சியே இக்கொள்ளை நோய்க்கு மருந்து என்னும் கருத்தை அவர் துணிந்து கூறினார்.

இதில் நாம் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. டைஃபஸ் காய்ச்சலை மனிதர் உடலிலும் உடையிலும் தங்கும் பேன் பரப்புகின்றது என்பது 1909-ல்தான் கண்டறியப்பட்டது. விர்ச்சோ அதனை அறியார். அறியாதிருந்தும் அவர் சொன்ன மருந்து பிழையாகவில்லை. மாற்றுடையும் குளிக்க நீரும் இடைவெளியுள்ள வீடும் வயிறார உணவும் பெற்ற மனிதரிடையே அப்பேன் பெருகுவதில்லை. கிருமி எதுவாயினும், அது யார் வீட்டில் தங்கி யாரைக் கொல்லும் என்பதைச் சமுதாய ஏற்பாடே தீர்மானிக்கின்றது. இவ்வுண்மையை நேரிற் கண்ட மருத்துவரால் மருந்துச் சீட்டு எழுதுவதோடு நின்றுவிட இயலவில்லை. அரசியல் என்பது பேரளவில் செய்யப்படும் மருத்துவமே என்று அவர் கருதியதன் பொருள் இதுதான்.

கொடுத்த விலை

அறிக்கை எழுதியதோடு அவர் அமையவில்லை. 1848 மார்ச்சில் பெர்லினில் மக்கள் கிளர்ச்சி வெடித்தபோது மக்கள் பக்கம் நின்றார். அவ்வாண்டிலேயே மருத்துவச் சீர்திருத்தத்திற்கென ஒரு வார இதழைத் தொடங்கி, ஏழைகளின் உடல்நலத்தைக் காப்பது அரசின் கடமை என்று எழுதினார். மருத்துவர் ஏழைகளின் இயற்கையான வழக்கறிஞர் என்பது அவர்தம் உறுதியான கொள்கை.

விளைவு என்ன? கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, 1849-ல் சாரிட்டே மருத்துவமனையில் அவர் வகித்த பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். எதிர்ப்புக் குரல் எழுந்ததால் கட்டுப்பாடுகளோடு மீண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டாலும், அங்கே தொடர்ந்து இருக்க இயலாமல், வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1856-ல்தான் பெர்லினுக்குத் திரும்ப முடிந்தது. அவ்விடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அவர் ஆய்வையும் விடவில்லை, கொள்கையையும் விடவில்லை. அரசியலில் இறங்கினால் தொழில் கெடும் என்று அஞ்சுவோர், தொழிலில் பெற்ற தேர்ச்சியே அவரை மீண்டும் பெர்லினுக்கு அழைத்து வந்தது என்பதை நோக்குக. தம் துறையில் ஐயந்திரிபற வல்லவராய் இருந்தமையால்தான் அவரை ஒதுக்கிவைக்க அரசால் இயலவில்லை.

சாக்கடைக்கு இறங்கிய மருத்துவர்

1859-ல் விர்ச்சோ பெர்லின் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1902-ல் மறையும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்மன்றத்தில் அமர்ந்திருந்தார். உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் ஒருவருக்கு நகர மன்றத்தில் என்ன வேலை என்று அன்றும் சிலர் கேட்டிருக்கக்கூடும். அவர் செய்த வேலையைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

அக்காலப் பெர்லின் வேகமாகப் பெருத்துக்கொண்டிருந்த நகரம். 1861-ல் ஏறத்தாழ 5 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1900-ல் ஏறத்தாழ 19 லட்சமாயிற்று. கழிவுநீர் தெருவோரத் திறந்த ஓடைகளில் ஓடியது. மலக்குழிகள் நிலத்தடி நீரைக் கெடுத்தன. 1866-ல் காலராவால் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இந்நிலையை மாற்ற நகர மன்றம் அமைத்த குழுவில் விர்ச்சோ தலைமைப் பங்கு வகித்தார். மண்ணையும் நீர்மட்டத்தையும் இறப்புக் கணக்கையும் ஆண்டுக்கணக்கில் ஆய்ந்தார். பொறியாளர் ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் வகுத்த திட்டத்தின்படி 1873-ல் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் வேலை தொடங்கியது. நகரின் கழிவு குழாய் வழியே வெளியேறி, புறநகரில் இதற்கெனவே அமைந்த பண்ணை நிலங்களுக்குப் பாய்ந்தது. 1874-ல் ஃபிரீட்ரிக்ஸ்ஹைன் என்னும் பகுதியில் நகராட்சியே நடத்தும் மருத்துவமனை திறக்கப்பட்டதிலும், பன்றி இறைச்சியிலுள்ள நுண்புழுவைக் கண்டறிய இறைச்சிச் சோதனை முறை வந்ததிலும் அவர் உழைப்பு உண்டு.

அரசியல் சாக்கடை என்கின்றனர். ஆம், விர்ச்சோ இறங்கியதும் சாக்கடைக்காகவே. ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் வார்டில் இருந்து காப்பாற்றக்கூடிய உயிர்களைவிட, நன்கு அமைந்த ஒரு கழிவுநீர்த் திட்டம் காப்பாற்றும் உயிர்கள் பல மடங்கு. அத்திட்டத்திற்குப் பணம் ஒதுக்கும் கை மருத்துவமனையில் இல்லை. நகர மன்றத்தில் உள்ளது.

இவ்விடத்தில் நாம் ஒன்று சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். சாக்கடை என்பது பிறர்க்கு உவமை. நம் மக்களுக்கோ அது உயிர் போகும் இடம். கையால் மலம் அள்ளும் தொழிலில் மனிதரை ஈடுபடுத்துவதைத் தடை செய்யும் சட்டம் 1993-ல் வந்தது. மேலும் வலுவான சட்டம் 2013-ல் வந்தது. அதற்குப் பின்னும் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கி நம் இளைஞர்கள் நச்சுக்காற்றால் மாளும் செய்திகளைப் படிக்கின்றோம். சட்டம் இயற்றுவது மேல்மன்றங்களின் வேலை. எந்திரம் வாங்குவதும், ஒப்பந்தக்காரரைக் கேள்வி கேட்பதும், ஆள் இறக்கப்படாமல் பார்த்துக்கொள்வதும் உள்ளாட்சி மன்றத்தின் வேலை. ஓரிடத்தில் மட்டும் ஆள் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

மாநில மன்றத்தில்

விர்ச்சோவும் இதனை உணர்ந்திருந்தார். 1861-ல் முற்போக்குக் கட்சி என்னும் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். 1862 முதல் பிரஷ்ய நாட்டின் சட்டமன்றத்தில் உறுப்பினராக வீற்றிருந்தார். 1880 முதல் 1893 வரை செருமானியப் பேரரசின் நாடாளுமன்றத்திலும் இருந்தார். வரவு செலவுத் திட்டத்தில் மன்றத்தின் உரிமையை மதியாது ஆண்ட பிஸ்மார்க்கை அவர் அஞ்சாது எதிர்த்தார். 1865-ல் அவர் பேச்சால் சினமுற்ற பிஸ்மார்க் அவரைத் தனிப்போருக்கே அழைத்தார். விர்ச்சோ மறுத்துவிட்டார். மன்றத்தில் கேட்ட கேள்விக்கு மன்றத்திலேயே விடை வேண்டும் என்பதுதானே முறை.

நமக்கு மிக நெருங்கிய இன்னொரு பணியையும் அவர் செய்தார். செருமானியர் ஒரு தூய இனம், பிறர் கலப்பினம் என்னும் பேச்சு அந்நாட்டில் வளரத் தொடங்கிய காலம் அது. அதனை மேடைப் பேச்சால் மட்டும் எதிர்க்காமல், கணக்கெடுப்பால் சோதித்துப் பார்க்க முனைந்தார். ஏறத்தாழ 67 லட்சம் பள்ளிப் பிள்ளைகளின் முடி, கண், தோல் ஆகியவற்றின் நிறம் பதிவு செய்யப்பட்டது. 1886-ல் முடிவு வெளியாயிற்று. யூதப் பிள்ளைகளிலும் பொன்னிற முடியினர் இருந்தனர்; செருமானியப் பிள்ளைகளிலும் கருமுடியினர் திரளாக இருந்தனர். தூய இனம் என்று ஒன்று அங்கு இல்லை என்பதை எண்கள் காட்டின. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிப்போரை அறிவியல் கொண்டு சந்திக்கலாம் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. எண்களால் மட்டும் அப்பேய் ஓடிவிடவில்லை என்பதை அந்நாட்டின் பிற்கால வரலாறு காட்டிற்று.

அவரிடமும் குறை உண்டு

பெரியோரைப் போற்றும்போது குறையை மறைப்பது நம் மேடைகளின் வழக்கம். அவ்வழக்கம் இளைஞர்க்கு நன்மை பயவாது. மகப்பேற்று விடுதிகளில் மருத்துவர் கைகழுவினால் தாய்மாரின் சாவு குறையும் என்று சொன்ன செம்மல்வெய்ஸின் கருத்தை விர்ச்சோ நெடுங்காலம் ஏற்கவில்லை. கிருமிகளே நோய்க்குக் காரணம் என்னும் புதுக்கொள்கையையும் ஐயுறவோடுதான் நோக்கினார்.

அரசியலில் நேர்ந்த பிழை இன்னும் கசப்பானது. 1870-களில் கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரத்தை ஒடுக்கப் பிஸ்மார்க் சட்டங்கள் கொண்டுவந்தபோது, அவருடைய பழைய எதிரியாகிய விர்ச்சோ அம்முயற்சியை ஆதரித்தார். அதற்குப் 'பண்பாட்டுப் போர்' என்னும் பெயரை 1873-ல் வழங்கியவரும் அவரே. அப்போரில் இடர்ப்பட்டோர் யார்? போலிஷ் மொழி பேசிய கத்தோலிக்க மக்களும் அவருள் அடங்குவர். அக்காலத்தில் பள்ளிகளிலிருந்து அவர்தம் மொழியும் விலக்கப்பட்டது. 1848-ல் எம்மக்களின் மொழிக்கு இடம் கேட்டாரோ, அம்மக்களே கால் நூற்றாண்டுக்குப் பின் அவர் ஆதரித்த கொள்கையால் வருந்தினர்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? நல்ல நோக்கம் மன்றத்தின் வாயிலைத் திறக்கும். உள்ளே போனபின் அந்நோக்கம் தானே நிலைத்திருக்கும் என்று எண்ணிவிடலாகாது. தம்மை மன்றத்துக்குச் செலுத்திய நோயாளியின் முகத்தை உறுப்பினர் மறக்கலாம். மறவாமல் நினைவூட்டுவது அனுப்பிய மக்களின் பொறுப்பு.

சென்னை கண்ட சான்று

இது செருமானியத்தில் நடந்த செய்தி, நமக்கென்ன என்று எவரும் கருத வேண்டா. நம் தமிழகமே இதற்குச் சான்று தந்துள்ளது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவர்தம் அன்னையார் கோயில்களில் பொட்டுக்கட்டும் வழக்கம் நிலவிய மரபில் வந்தவர். ஆண்கள் கல்லூரியில் இவர் சேர்ந்ததற்கே எதிர்ப்பு எழுந்தது. அத்தனையும் கடந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

மாதர் அமைப்புகள் அவர் பெயரை முன்மொழிந்தபோது, மருத்துவப் பணி தடைப்படுமோ என்று அவரும் தயங்கினார். தயங்கியும் ஏற்றார். 1926 இறுதியில் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையின் நியமன உறுப்பினரானார். 1927-ல் அதன் துணைத் தலைவராக ஒருமனதாய்த் தேர்ந்தெடுக்கப்பட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை வேண்டும் என்றார். பெண்ணின் மணவயதை உயர்த்த வேண்டும் என்றார். சிறுமியரின் உடலில் தாம் கண்ட நோயின் வேர் ஒரு கோயில் வழக்கத்தில் இருப்பதை உணர்ந்து, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க மசோதா கொணர்ந்தார். காந்தியடிகள் 1930-ல் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார். அம்மசோதாவின் நோக்கம் முழுச் சட்டமாக நிறைவேறியது 1947-ல். இடையில் 17 ஆண்டுகள்! பதவி போனபின்னும் அவர் பணி நிற்கவில்லை. 1930-ல் ஔவை இல்லம். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இடையில் சென்னை மாநகராட்சியில் ஆல்டர்மன் பொறுப்பு. பதவி அவருக்கு ஒரு கருவி. அக்கருவி கையில் இல்லாதபோது வேறு கருவியை எடுத்துக்கொண்டார்.

நம் தண்ணீரின் கதை

இனி நம் சொந்த வரலாற்றுக்கு வருவோம். உடல்நலத்தின் முதற்பொருள் தண்ணீர். அத்தண்ணீரே நமக்கு மறுக்கப்பட்டது. எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகிய முன்னோடிகள் அமர்ந்திருந்த சென்னை மேலவையில், பொதுச் சாலையும் பொதுக் கிணறும் குளமும் எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானம் 1924-ல் நிறைவேறியது. அதனைக் கொணர்ந்தோர் மருத்துவரல்லர். எனினும் அதனினும் பெரிய மருத்துவச் செயல் அன்று நம் மாகாணத்தில் நிகழவில்லை என்று துணிந்து கூறலாம்.

பம்பாய் மாகாணத்தில் நடந்ததும் நாம் அறிந்ததே. 1923-ல் மாகாண மேலவையில் எஸ்.கே. போலே கொணர்ந்த தீர்மானம் பொது நீர்நிலைகளை நம்மவர்க்குத் திறந்தது. 1924-ல் மகாத் நகராட்சி தன் சௌதார் குளத்தையும் திறப்பதாகத் தீர்மானித்தது. தாளில் திறந்த குளம் நிலத்தில் திறக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று அந்நீரைக் கையால் அள்ளிப் பருகினார். அதன்பின் நடந்ததை நம் இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே மகாத் நகராட்சி தன் பழைய தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது! வழக்கு நடந்து உயர்நீதிமன்றத்தில் வெற்றி கிடைத்தது 1937-ல். மாகாண மன்றம் தந்த உரிமையை ஓர் ஊரின் நகராட்சி முடக்கிப் போட்டது. உள்ளாட்சி என்பது சிறு பதவி என்று எண்ணுவோர்க்கு இதுவே பாடம்.

அது பழங்கதை என்பாரும் உண்டு. உள்ளாட்சியில் நமக்குரிய இடங்களை அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தம் 1993 முதல் உறுதி செய்தது. அவ்வுரிமையின்படி தலைவரான மேலவளவு முருகேசன் 1997 ஜூன் 30 அன்று தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். ஊராட்சித் தலைவர் நாற்காலி அற்பமானதென்றால், அதன்பொருட்டு எவரும் கொலை செய்ய மாட்டார். அந்நாற்காலியின் மதிப்பை நம்மைவிட நம்மை ஒடுக்குவோர் நன்கறிவர்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் நம் குழந்தைகள் நோயுற்றனர். குடிநீரில் கோளாறு இருக்கலாம் என்று மருத்துவமனையில் கூறியபின், மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தனர். அதில் மனித மலம் கலந்திருந்தது. இதற்கு எந்த மாத்திரை எழுதுவது? குழந்தையின் வயிற்றுப் போக்கை நிறுத்த மருத்துவரால் இயலும். அத்தொட்டியைக் காக்கவும், குற்றத்தை விசாரிக்கச் செய்யவும், அவ்வெண்ணமே தோன்றாத ஊரை உருவாக்கவும் வேறோர் ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலின் பெயர்தான் அரசியல்.

இளைஞர்க்கும் சங்கத்தார்க்கும்

ஆகவே, மருத்துவர் மன்றம் புகுவது ஏன் என்னும் வினாவுக்கு நாம் கண்ட விடை இது: தாம் குணப்படுத்தி அனுப்பும் நோயாளி, நோய் தந்த அதே வீட்டுக்கும் அதே தண்ணீருக்கும் அதே கூலிக்கும் திரும்பிச் செல்வதை அவர் பார்க்கின்றார். பார்த்தபின் வாளாவிருக்க அவர் மனம் ஒப்புவதில்லை. இந்நோக்கத்தோடு போகின்றவரை நாம் தடுக்கலாகாது. புகழுக்கும் ஒப்பந்தப் பணத்துக்கும் போகின்றவரை மருத்துவர் என்பதற்காக ஆதரிக்கவும் கூடாது.

இருவரையும் பிரித்தறிவது எங்ஙனம்? மூன்று கேள்விகள் போதும். முதலாவது, அவர் தம் தொழிலைச் செம்மையாகக் கற்றவரா? மருத்துவத்தில் கைதேராதவர் அரசியலில் மட்டும் கருத்தாக இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. இரண்டாவது, பதவிக்கு முன்பே நம் தெருக்களை அறிந்தவரா? எத்தெருவில் குழாய் இல்லை, எக்குடிசையில் காசநோய் உண்டு, எப்பள்ளியில் கழிப்பறை பூட்டிக் கிடக்கின்றது என்பதை எழுதி வைத்திருக்கின்றவரா? விர்ச்சோ சினத்தோடு எழுதினார். ஆயின் கணக்கோடு எழுதினார். மூன்றாவது, பதவி போனால் என்ன செய்வார்? முத்துலட்சுமி அம்மையார்போல் வேறு கருவியை எடுப்பவரா, வீட்டுக்கதவை மூடிக்கொள்பவரா?

சங்கத்துப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நாம் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். அத்தோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட்டால், அவர்கள் தனித்து நிற்பர். மன்றத்தில் தனித்து நிற்கும் ஒருவரை விலைக்கு வாங்கலாம், மிரட்டலாம், மேலவளவில் நடந்தது போல் வெட்டியும் சாய்க்கலாம். பின்னால் ஒரு விழிப்புள்ள மக்கள் கூட்டம் இருந்தால் அவையெல்லாம் எளிதல்ல. ஆகவே சங்கம் தன் அடுத்த 25 ஆண்டுகளில், விடுதியும் உதவித்தொகையும் நடத்துவதோடு, ஊராட்சிச் சட்டத்தையும் கிராம சபை நடைமுறையையும் வரவு செலவுக் கணக்கு படிக்கும் முறையையும் நம் இளைஞர்க்கும் மகளிர்க்கும் கற்பிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நாம் அனுப்பிய உறுப்பினரை இம்மேடைக்கு அழைத்து, மாலை போடுவதற்கு முன் கணக்குக் கேட்க வேண்டும்.

மருத்துவ மாணவர்களே! நீங்கள் எல்லாரும் அரசியலுக்கு வர வேண்டும் என்று நாம் கூறவில்லை. பலர் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும். அங்கும் நம்மவர் வேண்டும். ஆனால் எங்கிருந்தாலும், நோயாளியின் நாவைப் பார்த்தபின் அவர் குடிக்கும் தண்ணீரையும் கேளுங்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டபின், அக்குழாயின் திறவுகோல் யார் கையில் உள்ளது என்று கேளுங்கள். அக்கேள்வி உங்களை எந்த மன்றத்தின் வாயிலுக்கு அழைத்துச் சென்றாலும் தயங்காது செல்லுங்கள். இச்சங்கம் உங்கள் பின்னால் நிற்கும். உங்களைக் கேள்வியும் கேட்கும்.

கல்வி வளர்க! சங்கம் நீடு வாழ்க!